ஜீன் கேங் என்றால் உயரம் மட்டும்தானா?

கட்டடக்கலைஞர் ஜீன் கேங்கை யார் அறிமுகப்படுத்தினாலும் முதல் வரி ஒன்றுதான்: ஒரு பெண் வடிவமைத்ததிலேயே உலகின் மிக உயரமான கட்டடம் இவருடையது. சிகாகோவில் 2020இல் முடிந்த செயின்ட் ரீஜிஸ், 101 மாடி, 363 மீட்டர். தகவல் சரிதான். ஆனால் பலரும் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் யோசிக்கும் விதம் புரிய, பக்கத்திலேயே இருக்கும் அக்வா டவரைப் பார்க்க வேண்டும். 2009இல் முடிந்தது, 82 மாடி. உள்ளே இருப்பது சாதாரணச் செவ்வகக் கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொரு தளத்தின் ஸ்லாபையும் வெளியே பால்கனியாக நீட்டி, அதன் விளிம்பை மாடிக்கு மாடி கொஞ்சம் மாற்றி வளைத்தார். சில இடங்களில் 12 அடி வரை நீளும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கட்டடம் முழுக்க அலை அடிக்கும். சென்டரிங் வேலை தெரிந்தவர்கள் உடனே கேட்பார்கள், மாடிக்கு மாடி புது அச்சா என்று. இல்லை. வளையக்கூடிய எஃகுத் தகடு ஒன்றை விளிம்புக்கு வைத்து, அதையே அடுத்த மாடிக்கு வேறு மாதிரி வளைத்துக்கொண்டார்கள்.

இந்த அலைக்கு வேலையும் உண்டு. உயரமான கோபுரங்கள் காற்றில் ஆடாமலிருக்க உச்சியில் பெரிய எடை வைப்பார்கள். இங்கே முன்னும் பின்னுமான விளிம்புகளே காற்றைச் சிதறடிப்பதால் அது தேவைப்படவில்லை. செயின்ட் ரீஜிஸில் 83ஆம் மாடியையே காற்று புகுந்து போகத் திறந்து விட்டார். அப்புறம், சிகாகோ பறவைகளின் வலசைப் பாதையில் இருக்கும் ஊர். வெறும் கண்ணாடியை வானம் என்று நம்பி மோதிச் சாகும் பறவைகள் ஏராளம். கேங் பறவை பார்ப்பதில் ஈடுபாடு உள்ளவர். அக்வாவின் விளிம்புகள் பறவைகளுக்கும் 'இங்கே கட்டடம் இருக்கிறது' என்று காட்டுகின்றன.

குறையும் உண்டு. ஸ்லாப் உள்ளிருந்து வெளியே ஒரே துண்டாக ஓடுவதால் குளிர்காலத்தில் வீட்டின் சூடு அதன் வழியே போய்விடும். நியாயமான விமர்சனம்தான்.

எனக்கு அவருடைய வேலைகளில் மிகவும் பிடித்தது ஒரு சின்னக் கட்டடம். சிகாகோவின் தென்பகுதியில், வளர்ப்புக் குடும்பங்களில் வாழும் குழந்தைகளுக்காக 2008இல் கட்டிய லாவெசோரியோ சமூக மையம். கையில் பணம் குறைவு. கான்கிரீட் நன்கொடையாக வந்தது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கலவை, ஒவ்வொரு நிறம். நாமாக இருந்தால் பூசி பெயின்ட் அடித்து மறைத்திருப்போம். அவர் அதை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்ற வைத்தார். புதிதாக வெட்டிய கிணற்றின் சுவரில் மண் அடுக்குகள் தெரியுமே, அப்படி நெளிந்து நெளிந்து வரிகள் ஓடுகின்றன. இல்லாமையைச் சுவரில் இத்தனை அழகாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

1964இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார், ஹார்வர்டில் படித்தார், 1997இல் சொந்த அலுவலகம் தொடங்கினார், 2011இல் அசாத்திய படைப்பாற்றல் உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கை பெற்றார்.

பெண் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் இதைச் சொல்லுங்கள்: தன் அலுவலகத்தில் ஆண், பெண் சம்பள வித்தியாசத்தை நீக்கிவிட்டு, மற்ற அலுவலகங்களும் அதைச் செய்ய வேண்டும் என்று 2018இல் வெளிப்படையாகக் கேட்டவர் அவர்.