ஒரு பேப்பர்தானே

ஞாயிற்றுக்கிழமை நான் படம் வரையும் நோட்டில் இருந்து அண்ணன் ஒரு தாளைக் கிழித்து விருந்தாளிக்குக் கொடுத்ததைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் திங்கட்கிழமை நான் போட்ட நாலு வரிக்குக் கீழே வந்திருக்கும் பதில்களைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "ஒரு பேப்பருக்கா இந்தப் பாடு?" இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். அதில் மூன்று பேர் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள்.

அது ஒரு பேப்பர் இல்லை. இதை எத்தனை முறை சொல்லவும் நான் தயார்.

நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் பந்திக்குப் போனது என் தப்பு என்கிறார்கள். சொந்த அண்ணன் வீட்டுப் பால்காய்ப்பு. அங்கே நோட்டை மடியில் கட்டிக்கொண்டா சாப்பிடுவார்கள்? கையைக் கழுவிவிட்டு வருகிறேன், மாத்தூர் தொட்டிப்பாலம் (ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீர் போகும் பாலம்) வரைந்த தாள் ஷார்ஜாவில் இருந்து வந்தவர் கையில் இருக்கிறது. அண்ணன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு பிள்ளே. ஒரு பேப்பர்தான, நீ வேற ஒண்ணு வரைஞ்சா தீந்துது." வந்தவர் மேல் எனக்குக் கோபமே கிடையாது. நான் சம்மதித்துக் கொடுத்தது என்று நினைத்துத்தான் அவர் வாங்கியிருக்கிறார், இரண்டு முறை நன்றியும் சொன்னார். அத்தனை பேர் முன்னால் நான் அழுதது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்கும். அதற்கு மட்டும் வருத்தப்படுகிறேன். மற்ற எதற்கும் இல்லை.

தைத்த நோட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னுடையது சுருள் கம்பி போட்ட நோட்டு இல்லை. 200 ஜிஎஸ்எம் கனமுள்ள தாள் வாங்கி, நாகர்கோவிலில் பைண்டிங் செய்யும் ஒரு அண்ணாச்சியிடம் கொடுத்துத் தைத்து வாங்குகிறேன். நாலு தாளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து நடுவில் மடித்து, மடிப்பு வழியே நூல் ஓட்டுவார். அப்படிப் பல கட்டுகள் சேர்ந்தால் ஒரு நோட்டு. மடிப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் தாளும் அந்தப் பக்கம் இருக்கும் தாளும் தனித்தனி போலத் தெரியும், ஆனால் ஒரே தாளின் இரண்டு பாதிகள். ஒன்றைக் கிழித்தால் மறுபாதிக்குப் பிடிமானம் போய்விடும். தொட்டிப்பாலத்தின் மறுபாதியில் இரணியல் ஸ்டேஷனில் பூக்கூடைமேல் தலை சாய்த்துத் தூங்கிய ஒரு அக்கா இருக்கிறார். அதன் பின்பக்கம் குழித்துறை ஆறு. இப்போது நோட்டைத் திறந்தால் அந்தத் தாள் தானாக வெளியே வந்து விழுகிறது. ஆக, நீங்கள் ஒரு பேப்பர் என்று சொல்வது நாலு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வரைகிறவளுக்கு அது நாலு நாள்.

நான் எப்போது இதைத் தொடங்கினேன் என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். 2017 நவம்பர் 30, ஓகி புயல். எங்கள் விளையில் ரப்பரும் வாழையும் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மகளின் வண்ணப்பெட்டி இருந்தது. விழுந்து கிடந்த மரங்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நினைவில் இருந்து வரைந்தேன். மறுநாள் விளைக்குள் போய்ப் பார்த்து வரைந்தேன். அதற்கு மறுநாளும். அப்படியே பழகிவிட்டது. இப்போது கையில் இருப்பது இருபத்து மூன்றாவது நோட்டு.

காலை ஐந்து மணி, அடுப்படி வாசல்படி, இருபது நிமிடம். முதலில் பேனா, அப்புறம் வண்ணம். பெட்டியில் பன்னிரண்டு வண்ணம் இருந்தாலும் தினமும் தொடுவது ஐந்துதான். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைச் சேர்த்தால் ஒரு சாம்பல் நிறம் வரும், நம்மூர் மழைக்காலம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பின்னால் தீட்டிச் சேர்ப்பது கஷ்டம். தாளின் வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். எதைத் தொடாமல் விடுவது என்று தீர்மானித்த பிறகுதான் தூரிகையை நனைக்கவே முடியும். ஆனி மாதத்தில் ஒரு வானம் காய அரை மணி நேரம் ஆகும், அதற்குள் உலை கொதித்துவிடும். போன வருடம் குவஹாத்திக்கு விவேக் எக்ஸ்பிரஸில் போனபோது பாட்டில் மூடியில் தண்ணீர் வைத்து மேல் பெர்த்தில் குனிந்து உட்கார்ந்து வரைந்தேன். ஆந்திராவின் வெயிலில் தூரிகையை எடுப்பதற்குள் வண்ணம் காய்ந்துவிட்டது. வங்காளத்துக்குள் நுழைந்ததும் மறுபடியும் நம்மூர்போலக் காற்றில் ஈரம், மறுபடியும் காத்திருப்பு. ஊர் மாறியதை என் விரலுக்கு முதலில் சொன்னது தாள்தான். அந்த நோட்டைப் புரட்டினால் மூன்று இரவும் அப்படியே திரும்ப வரும். காரணம், பக்கங்கள் வரிசையில் இருக்கின்றன. வரிசை போனால் அது வெறும் படக்கட்டு.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"வேற ஒண்ணு வரையலாமே." வரையலாம். பாலம் எங்கேயும் ஓடிப்போகாது. 1966-இல் கட்டியது, 115 அடி உயரம், 28 தூண்கள். ஆனால் அன்று விடியற்காலை பறளியாற்றில் இருந்து மஞ்சு ஏறி, என் இடத்தில் இருந்து ஒன்பது தூண்கள்தான் தெரிந்தன. ஒன்பதுதான் வரைந்தேன். பத்தாவது பாதி தெரிந்தும் தெரியாமலும் இருந்தது, அதை ஒரே ஒரு ஈரத் தூரிகைத் தடத்தில் விட்டிருந்தேன். நாளைக்குப் போனால் 28-உம் தெரியும். அது நாளைய பக்கம்.

"போட்டோ இருக்கிறதே, பிரிண்ட் போட்டு ஒட்டிக்கொள்." இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் அவசரமாக எடுத்த போட்டோ அது. அல்ட்ராமரின் காயும்போது தாளின் சின்னச்சின்னக் குழிகளில் பொடியாகத் தங்கும், கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும், அந்தப் போட்டோவில் அது ஒரே நீலப்பூச்சு. இதற்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

"பெரிய ஓவியரா நீ?" இதைக் கேட்டவர் என் உறவுக்காரர், பெயர் சொல்லவில்லை. நான் ஓவியர் இல்லை, எந்தக் கண்காட்சியிலும் என் படம் வைத்ததில்லை. ஆனால் பெரிய ஓவியர்களுக்கும் இதுதான் நடந்தது, தெரியுமா? இங்கிலாந்தின் டர்னர் 1851-இல் இறந்தபோது ஏறத்தாழ 300 குறிப்பேடுகளை விட்டுப்போனார். அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய கலை விமர்சகர் ரஸ்கின் அவற்றை அடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டு, நல்ல தாள்களைக் காட்சிக்கு வைப்பதற்காகச் சில நோட்டுகளைப் பிரித்தார். எந்தத் தாள் எந்த நோட்டில் இருந்தது என்று ஃபின்பெர்க் என்பவர் வருடக்கணக்கில் தேடிப் பொருத்தித் தொகுத்த பட்டியல் 1909-இல் வெளிவந்தது. பிரித்தவர் வெறுப்பில் பிரிக்கவில்லை, அன்பில்தான் பிரித்தார். எங்கள் அண்ணனும் அன்பில்தான் கிழித்தார், நான் மறுக்கவில்லை. ஆனாலும் கிழிந்தது கிழிந்ததுதான். நம் ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய்ச் சிலைகளுக்கு முன்னால் உட்கார்ந்து வரைந்தாரே, அவர் பக்கத்தில் போய் ஒரு தாளை உருவியிருப்போமா? பெயர் பெற்றவர் என்றால் கை நடுங்கும், வீட்டுப் பெண் என்றால் நடுங்காது.

"கேட்டிருந்தால் கொடுத்திருப்பாயா?" கேட்டிருந்தால் அங்கேயே உட்கார்ந்து வரைந்து கொடுத்திருப்பேன். என் பையில் எப்போதும் போஸ்ட்கார்டு அளவில் பத்துத் தனித்தாளாவது இருக்கும், கொடுப்பதற்கென்றே வைத்திருப்பவை. முட்டம் கலங்கரை விளக்கம் பக்கத்துச் சாயாக்கடைக்காரரிடம் ஒன்று இருக்கிறது, தேங்காப்பட்டணத்தில் வலை தைக்கும் பெரியவரிடம் ஒன்று. ரயிலில் பக்கத்தில் உட்காரும் குழந்தைகளுக்குக் கொடுத்ததற்குக் கணக்கே இல்லை. கேட்கவில்லையே! எனக்கு வலிப்பது அதுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதே வீட்டில், அதே முன்னறையில், மேஜை டிராயரில் அண்ணனின் ரப்பர் கணக்கு நோட்டு இருக்கிறது. எத்தனை மரம் பால்வெட்டு, எத்தனை ஷீட், யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் அதில் இருக்கும். அதில் இருந்து ஒரு பேப்பரை, எழுதாத பேப்பரையே, குழந்தைக்குக் கப்பல் செய்ய மதினி கிழித்ததற்கு ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. அப்போது மதினி சொன்னதும் இதேதான்: ஒரு பேப்பர்தானே. யாராவது ஒத்துக்கொண்டார்களா? அது கணக்கு, இது விளையாட்டு. அப்படித்தானே? ஏழு வருடத்துக்கு மேலாக நான் ஐந்து மணிக்கு எழுந்து செய்வது விளையாட்டு. "அவளுக்கு வேற வேலை இல்லை" என்று பந்தியில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் காலையில் சோறும் குழம்பும் வைத்து, அம்மாவைக் குளிப்பாட்டி, ரயில் பிடித்து வேலைக்குப் போய், இரவு ஏழரைக்கு வீடு திரும்புகிறவள். அந்த இருபது நிமிடத்தை நான் யாரிடமும் வாங்கவில்லை, என் தூக்கத்தில் இருந்து எடுக்கிறேன்.

போட்டோ பற்றி இன்னொரு பதில் இருக்கிறது என்றேனே. நான் போட்டோ எடுத்தது முன்பக்கத்தை மட்டும்தான்.

தொட்டிப்பாலத்தை வரைந்த மறுநாள் அம்மா முற்றத்தில் சக்கை, அதுதான் பலாப்பழம், வெட்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எண்ணெய். நோட்டைத் திறந்து பாலத்தைக் காட்டினேன். "கொள்ளாம்" என்றாள், நன்றாக இருக்கிறதாம். அப்புறம் சக்கையை அப்படியே விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். பாலம் கட்டும்போது தாத்தா அங்கே கல் சுமக்கும் வேலைக்குப் போனதும், பத்தொன்பது வயதில் அம்மா தினமும் மதியம் கஞ்சித் தூக்கோடு ஆற்றங்கரை வரை நடந்ததும், மேலே சாரத்தில் நிற்பவர்களில் யார் அப்பா என்று தெரியாமல் எல்லோரையும் பார்த்துக் கையை ஆட்டியதும். இத்தனை வருடத்தில் எங்களிடம் ஒரு முறைகூட அவள் சொல்லாதது. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் கையையும் சக்கைச் சுளைகளையும் வரைந்து, அதைச் சுற்றி அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். பதினெட்டு வரி. வியாழக்கிழமை அவள் குளியலறையில் விழுந்தாள். இப்போது பேச்சு குழறுகிறது. நேற்று பாலத்தைப் பற்றிக் கேட்டேன், எந்தப் பாலம் என்று கேட்டாள்.

இதை ஞாயிற்றுக்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டது. அண்ணனுக்கும் அவள் அம்மாதான், அவர் தாத்தாவும்தான் அந்தச் சாரத்தில் நின்றவர். யாரும் அந்தத் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஷார்ஜாவில் இருந்து வந்தவர் வெள்ளிக்கிழமைதான் திருவனந்தபுரத்தில் இருந்து விமானம் ஏறுகிறார் என்று மதினி சொன்னாள். நாளை விடியுமுன் மாத்தூருக்குப் போகிறேன். 300 ஜிஎஸ்எம் தாளில், இதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து, கண்ணாடி போட்டு, நானே கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறேன். அந்தத் தாளை மட்டும் வாங்கி வையுங்கள். பைண்டிங் அண்ணாச்சி மெல்லிய துணிப்பட்டை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை ஈரக்கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் எழுதியது சாதாரண மைப்பேனாவில், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.