மஞ்சளும் பச்சையும்
எழுத்துணரி (அச்சுப் பக்கத்தின் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள், OCR) வந்தபின், பழைய நூல்களை இணையத்தில் ஏற்றுவதில் தன்னார்வலர் உழைப்பு பெயரளவுக்குத்தான் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இலவச இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் திருத்தப்படாத பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். துணைக்காலை ரகரமாகப் படித்து 'நான்' என்பது 'நரன்' ஆகியிருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய ணை, லை, றா எல்லாம் தாறுமாறு. அந்தப் பிழை நின்றால் தேடலிலும் சொல் அகப்படாது. அங்கே பக்கத்தின் நிலையை நிறம் காட்டும்: திருத்தாதது சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள். வேறொருவர் மூலப் படத்தோடு வரிவரியாக ஒப்பிட்டால்தான் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது. கண் வலிக்கும் வேலை அது, பெயரும் வெளியே தெரியாது. அந்தக் கட்டுரைக்கான கருத்துகளில் 'திருத்திய பக்க எண்ணிக்கைக்குப் பரிசு கொடுக்கலாம்' என்றவருக்கு: எண்ணிக்கையைப் பார்த்தால் எளிய கதைப் பக்கங்களைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், செய்யுளும் அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த பக்கங்கள் சிவப்பாகவே கிடக்கும்.