அந்தத் தாழங்குடை என்ன ஆச்சு?

போன ஞாயிற்றுக்கிழமை ஆச்சி மகனோடு, அதாவது என் அக்கா மகனோடு, காரைக்குடியில் ஒரு படம் பார்த்தேன். படத்தின் பெயர் வேண்டாம். அதில் உழைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றில் எடுத்திருக்கிறார்கள். முகப்பு, வளவு என்று நாங்கள் சொல்லும் உள்முற்றம், பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை எல்லாம் திரையில் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

முதல் பாதியில் ஒரு காட்சி. கதாநாயகனின் தாய், வளவில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறைக்கு முன்னால் வந்து நிற்கிறார். பூட்டைத் தடவிப் பார்க்கிறார். மகன் "என்னம்மா?" என்று கேட்கிறான். பதில் சொல்லாமல் போய்விடுகிறார். அரங்கில் ஒரு சத்தம் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அந்தப் பூட்டு எங்களுக்குத் தெரிந்த பூட்டு. வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள் புள்ளிக்கு (கல்யாணமான ஜோடிக்கு) ஒன்று என்று பிரித்துக் கொடுத்தவை. கல்யாணம் ஆனால் மகனுக்கு ஓர் அறை. அப்புறம் அவர் பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விடுவார்கள். அறையும் பூட்டும் மட்டும் இங்கே இருக்கும். ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய வாழ்க்கை கிடக்கிறது. சரி, நம் வீடுகளைத் தூணுக்காகவும் தரைக்காகவும் மட்டும் பார்க்காத ஒரு படம் கடைசியில் வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டாம் பாதி முழுக்கச் சண்டை. வளவில் சண்டை, முகப்பில் சண்டை, மொட்டை மாடியில் சண்டை. வில்லன் செத்தான், படம் முடிந்தது. வண்டியில் திரும்பும்போது ஆச்சி மகன் ரொம்ப நேரம் பேசவில்லை. பெரியார் சிலையைத் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டான்: "அம்மான், அந்தப் பூட்டுன ரூம் என்ன ஆச்சு?"

இந்தக் கேள்வியை நானும் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். எங்கள் அப்பத்தாவிடம்.

கரண்ட் போன ராத்திரிகளில் வளவில் பாயை விரித்துப் பிள்ளைகள் எல்லோரையும் படுக்கவைத்து அப்பத்தா கதை சொல்லும். ஒரு நாள் சொன்ன கதை இது. ஒரு செட்டியார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போகிறார். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற நடந்தே போகும்போது வழியில் அடைமழை. குடிசை வாசலில் நின்ற ஒரு கிழவி தன்னிடம் இருந்த ஒரே தாழங்குடையை எடுத்துக் கொடுத்து, "திரும்பி வாறப்ப குடுத்துரு ராசா" என்கிறாள். செட்டியார் கப்பல் ஏறுகிறார், புயலில் மாட்டுகிறார், ரங்கூனில் கடை வைக்கிறார், கூட்டாளி ஏமாற்றுகிறான், மறுபடி எழுந்து நிற்கிறார், தேக்கு மரத்தோடு ஊருக்கு வந்து பெரிய வீடு கட்டுகிறார். "அம்புட்டுத்தேன், தூங்குங்க" என்று அப்பத்தா முடித்தது.

நாங்கள் 5 பேர். ஒருத்தரும் தூங்கவில்லை. என் சித்தப்பா மகள்தான் முதலில் கேட்டாள்: "அந்தத் தாழங்குடை என்ன ஆச்சு அப்பத்தா?"

அப்பத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு "நாளைக்குச் சொல்றேன்" என்றது. இப்போது யோசித்தால், அது மறந்துபோயிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் கேள்வி நியாயமானது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த மரியாதையை இன்றுவரை நான் மறக்கவில்லை.

கதைகளைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே பெரிய நம்பிக்கை அந்த ராத்திரியில் வந்ததுதான். கதைக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நம் கையில் எதைக் கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னதோ, அதைத் திரும்ப வந்து கேட்க வேண்டும். முடிவு சோகமா சந்தோஷமா, திருப்பம் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். நாம் 2 மணி நேரமாக, 5 பாகமாக, 100 மணி நேர விளையாட்டாகச் சுமந்துகொண்டு வந்ததைக் கதையே மறந்துவிட்டால், அதுதான் நிஜமான ஏமாற்றம்.

திருப்பம்தான் கதை என்று நினைப்பவர்கள் ஒரு பங்குனி மாதம் காரைக்குடிக்கு வர வேண்டும். சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழா இன்றும் நடக்கிறது. நிறைவு நாளன்று கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டைக்கு எல்லோரும் போவார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்காவது இராமன் ஜெயிப்பான் என்று தெரியாமல் இருக்குமா? இருந்தும் ஏன் வருகிறார்கள்? நான் சின்ன வயதில் ஐயாவோடு போய் உட்கார்ந்ததற்குக் காரணம் சுண்டல். இப்போது போவதற்குக் காரணம் ஒரு மண் உருண்டை.

கூனியை எடுத்துக்கொள்ளுங்கள். அயோத்தி பட்டாபிஷேகத்துக்குத் தயாராகி நிற்கிறது. கூனிக்கு மட்டும் வயிறு எரிகிறது. ஏன்? சிறுபிள்ளையாக இருந்தபோது இராமன் விளையாட்டாக வில்லில் மண் உருண்டையை வைத்து அவள் கூன் மேல் அடித்திருக்கிறான். எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவள் மறக்கவில்லை. கைகேயியிடம் போகிறாள். கைகேயி முதலில் சந்தோஷப்பட்டு மாலை பரிசு கொடுக்கிறாள், கூனி அதைத் தரையில் வீசுகிறாள். அப்புறம் நடந்தது நமக்குத் தெரியும். 14 வருஷக் காடு.

இத்தோடு விட்டிருந்தாலே அது நல்ல கதைதான். ஆனால் கம்பன் விடவில்லை. எங்கோ கிட்கிந்தையில், வாலி இறந்து, சுக்ரீவனுக்கு முடி சூட்டிய பிறகு, அரசன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இராமன் அவனுக்குப் புத்தி சொல்கிறான். சிறியவர் என்று நினைத்து யாரையும் நோகடிக்காதே என்கிறான். அப்படி ஒரு தீங்கைக் கூனிக்குச் செய்ததால்தான் நான் துன்பக் கடலில் விழுந்தேன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். எத்தனை நூறு பாட்டுகளுக்கு முன்னால் எறிந்த உருண்டை அது! கதை ஞாபகம் வைத்திருந்தது மட்டுமல்ல, கதாநாயகனும் ஞாபகம் வைத்திருந்தான். தன் மேல் தவறு என்று சொன்னான். அந்தப் பாட்டை மேடையில் யாராவது சொல்லும்போது எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் கதை கெட்டுப்போகும் என்று இப்போது ஒரு பயம் எல்லோருக்கும் இருக்கிறது. படம் பார்த்தவன் வாயைத் திறந்தால் நட்பே முறிந்துவிடுகிறது. சிலப்பதிகாரத்தைத் திறந்து பாருங்கள். முன்னால் இருக்கும் பதிகத்திலேயே கோவலன் கொலையுண்டதும் மதுரை எரிந்ததும் வந்துவிடும். எல்லாம் தெரிந்துதான் உள்ளே போகிறோம். கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து நிற்கும்போது, கண்ணகி சிரித்த முகத்தோடு சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்த இடத்தில் நமக்கு வயிற்றைப் பிசைவதே முடிவு தெரிந்திருப்பதால்தான். அதே சிலம்பு பாண்டியன் அவையில் உடைகிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. இதிலிருந்து தெறித்தது மாணிக்கம். தெரியாதது ஒன்றுமே இல்லாத கதை. படித்து முடிக்கும்போது மனம் நிறைந்துதான் போகிறது.

வீடியோ கேமை இதோடு சேர்த்துப் பேசுகிறானே என்று சிலருக்குத் தோன்றலாம். நான் மனதாரச் சேர்த்துத்தான் பேசுகிறேன். ஆச்சி மகன் போன வருஷம் எனக்கு அண்டர்டேல் என்ற விளையாட்டைக் காட்டினான். 2015-ல் வந்தது. படம் பழைய காலத்துப் பெட்டிப் பெட்டியான படம்தான். ஆரம்பத்தில் தாய் மாதிரி நம்மைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பாத்திரம் வருகிறது. வெளியே போனால் உனக்கு ஆபத்து என்று வழியை மறிக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் சண்டை போட்டு அதைக் கொன்றுவிட்டேன். மனசே சரியில்லை. சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போய், இந்த முறை கொல்லாமல் கடந்து வந்தேன். விளையாட்டுதானே, திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த காட்சியில் ஒரு பூ எதிரில் வந்து, நீ முதலில் என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும் என்றது. கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அழித்துவிட்டோம் என்று நாம் நினைத்ததையும் அது நினைவில் வைத்திருந்தது. புத்தகமும் படமும் செய்ய முடியாத ஒன்றை விளையாட்டு செய்த இடம் அது. அங்கே மண் உருண்டையை எறிந்தவன் நான்.

இதற்கு நேர் எதிர் அனுபவமும் உண்டு. சென்னையில் வேலை பார்த்தபோது அறை நண்பர்களோடு மாஸ் எஃபெக்ட் விளையாடினோம். 2007, 2010, 2012 என்று 3 பாகம். முதல் பாகத்தில் யாரைக் காப்பாற்றினோம், யாரைச் சாகவிட்டோம் என்பதெல்லாம் அடுத்தடுத்த பாகத்துக்கு நம்மோடு வரும். முடிவெடுக்கும்போது ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து வாக்குவாதம் செய்திருக்கிறோம். மூன்றாவதன் கடைசியில் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே முடிவுதான், நிறம்தான் மாறியது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பி, அந்த 2012 ஜூனிலேயே முடிவை விரித்துச் சொல்லும் காட்சிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். முடிவு சோகமாக இருந்ததற்காக யாரும் அப்படிக் கொதிக்கவில்லை என்பது என் எண்ணம். நீ செய்ததெல்லாம் கணக்கில் இருக்கிறது என்று 5 வருஷம் சொல்லிவிட்டு, கடைசியில் பேரேட்டைத் திறக்காமலே கடையைச் சாத்தினார்கள்.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரிலும் இதுதான் நடந்தது, அவசரத்தால். முதல் 6 பருவங்களுக்குத் தலா 10 பாகம். 2019-ல் வந்த கடைசிப் பருவத்துக்கு 6 மட்டும். டெனேரிஸ் என்ற அரசி கடைசியில் கொடூரமாக மாறியது தவறு என்று நான் சொல்லமாட்டேன், அதற்கான விதைகள் ஆரம்பத்திலிருந்தே இருந்தன. முளைக்க நேரம் கொடுக்கவில்லை. இதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், விடுகிறேன்.

எனக்குப் பிடித்த இன்னொன்று, பொன்னியின் செல்வனின் கடைசிப் பக்கங்கள். 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள், முடிந்ததும் திருப்தி இல்லை, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டிருக்கிறார்கள். கல்கி முடிவுரை எழுதி அதற்குப் பதில் சொன்னார். ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பின்னால் என்ன நேர்ந்தது என்று சொன்னார். சிலர் இதை நாவலின் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிரீடம் யாருக்கு என்ற பெரிய கேள்விக்குக் கதைக்குள்ளேயே பதில் வந்துவிட்டது. மிச்சம் கேட்டவர்களை அவர் எரிச்சலோடு பார்க்கவில்லை. எங்கள் அப்பத்தா மாதிரி, கேள்வியை மதித்தார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஞாபகம் என்றால் பழைய சாமானையெல்லாம் எடுத்துக் கடை பரப்புவது இல்லை. இப்போது இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் படங்களில் பழைய வசனம், பழைய வண்டி, பழைய கண்ணாடி எல்லாம் வரிசையாக வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போகின்றன. அதில் எனக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. இராமன் கூனியை நினைத்தபோது அவனுக்கு வலித்தது. யாருக்கும் வலிக்காமல் வந்துபோகும் நினைவு கதைக்கு எதுவும் செய்வதில்லை.

பூட்டிய அறையைத் திறந்தே ஆக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. அந்தத் தாய் கடைசிக் காட்சியில் அதே வாசலில் வந்து நின்றிருந்தால் போதும். சாவியை மகன் கையில் கொடுத்திருக்கலாம், அல்லது கிணற்றில் போட்டிருக்கலாம். அறைக்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே நாங்கள் நிறைந்த மனதோடு வீட்டுக்கு வந்திருப்போம்.

மறுநாள் ராத்திரி அப்பத்தா தாழங்குடைக் கதையின் மிச்சத்தைச் சொன்னது. செட்டியாருக்குப் புது வீட்டில் தூக்கம் வரவில்லையாம். குடையைத் தேடினால் இல்லை, ரங்கூனில் எங்கோ போய்விட்டது. பட்டுத் துணி போட்ட, வெள்ளிப் பிடி வைத்த குடை ஒன்று வாங்கிக்கொண்டு அதே வழியில் நடந்தார். குடிசை இல்லை. கிழவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேத்தி மட்டும் பக்கத்து ஊரில் இருந்தாள். பட்டுக் குடையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "எங்க அப்பத்தா குடுத்தது இது இல்லையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். செட்டியார் ஊருக்கு வந்து, முகப்புச் சுவரில் வரிசையாக மரமுளை அடித்துத் தாழங்குடைகளை மாட்டிவைத்தார். மழையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.

எங்கள் வீட்டு முகப்பிலும் சுவரில் 7 மரமுளைகள் இருக்கின்றன. எதற்கு அடித்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கதையைக் கேட்ட மறுநாள் காலையில் நாங்கள் 5 பேரும் அதன் கீழே போய் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.