டிஸ்பாட்ச் நோட்டு

"கன்சல்டன்ட்னா என்ன சார் வேலை?" என்று கேட்பவர்களிடம், நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது என்பேன். பொய் இல்லை. ஆனால் ஆலோசனை சொல்ல என் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் போவதில்லை. மீதியில் பெரும்பகுதி, நான் யாருக்காக வேலை செய்கிறேன் என்று கண்டுபிடிப்பதிலேயே போகிறது.

சிரிக்காதீர்கள். நம்மை அழைத்தவர் ஒருவர். பில்லில் கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர். நாம் சொல்வதைச் செய்ய வேண்டியவர்கள் வேறு சிலர். அதன் பலனையோ பாதிப்பையோ அனுபவிக்கப் போகிற பலருக்கு, நாம் வந்திருப்பதே தெரியாது. எட்கர் ஷைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கிளையன்ட் என்ற ஒரே சொல்லுக்குள் இப்படிப் பல வகையினர் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டினார். படித்தபோது வகுப்பறைச் சமாச்சாரம் என்று தாண்டிப் போனேன். அதற்கான விலையைப் பின்னால் சொல்கிறேன்.

டெலிவரி தாமதமாகிறது என்று ஒரு நிறுவனம் அழைத்தது. இயந்திர உதிரிபாகங்கள் செய்பவர்கள். முதல் கூட்டத்திலேயே எம்.டி. தீர்ப்பு சொல்லிவிட்டார்: உற்பத்திப் பிரிவு மந்தம், வேகத்தைக் கூட்ட வழி சொல்லுங்கள். பெரும்பாலும் இப்படித்தான். நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் அவர்களே எழுதிக்கொண்டு வருவார்கள், நாம் மருந்தை எடுத்துக் கொடுத்தால் போதும்.

சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு ஆர்டர் காகிதத்தின் பின்னாலேயே நடந்தேன். எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே எத்தனை நாள் கிடக்கிறது என்று குறித்துக்கொண்டேன். ஆர்டர் வந்ததிலிருந்து பொருள் வண்டியேறும் வரை 34 நாள். அதில் இயந்திரத்தில் இருந்தது 3 நாள். மீதியில் பெரும்பகுதி, வாங்குபவரின் பழைய பாக்கியைப் பார்த்து ஒப்புதல் தரும் ஃபைனான்ஸ் மேசையில் தூங்கியிருந்தது.

ஒரே ஒரு ஆர்டரை வைத்துக்கொண்டு வாய் திறக்க முடியாது. பழைய பதிவுகளைத் தேடி அலைந்தபோது, டிஸ்பாட்ச் பகுதியில் இருந்த ஒரு பெரியவர் மேசை இழுப்பறையைத் திறந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். "தம்பி, இதுவா பாருங்க." பதினொரு வருட ஆர்டர்கள். வந்த தேதி, ஒப்புதல் தேதி, போன தேதி. மேலே யாரிடமும் காட்டவில்லையா என்றேன். "யாரும் கேக்கலையே" என்றார்.

எங்கள் தொழிலின் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். விடை ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது, பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அப்படியானால் வெளியாளுக்கு எதற்குக் காசு? அந்தப் பெரியவர் இதையே எம்.டி.யிடம் சொல்லியிருந்தால் ஃபைனான்ஸ் பிரிவின் மேல் குறை சொல்கிறார் என்றாகியிருக்கும். எனக்கு அங்கே பதவி உயர்வும் இல்லை, பகையும் இல்லை. அந்தத் தூரத்துக்குத்தான் காசு.

சிக்கல் என்னவென்றால், எங்களை அழைக்கலாம் என்று எம்.டி.யிடம் பரிந்துரைத்ததே ஃபைனான்ஸ் தலைவர்தான். இறுதிக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் இந்தக் கணக்கை எடுத்துப் போட்டிருக்கலாம். அதிரடியாக இருந்திருக்கும், அதோடு செத்தும் போயிருக்கும். நான்கு நாள் முன்பே அவர் அறைக்குத் தனியாகப் போய்க் காட்டினேன். இதைச் சமரசம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தவர், அப்புறம் அந்த விதி வந்த கதையைச் சொன்னார். முன்பு ஒருமுறை பெரிய தொகை ஒன்று வராமல் போயிருக்கிறது. அன்றிலிருந்து சின்ன ஆர்டருக்கும் பெரிய ஆர்டருக்கும் ஒரே சரிபார்ப்பு. எந்தக் கோப்பிலும் இல்லாத காரணம். கூட்டத்தில் மாற்றத்தை அவரே முன்மொழிந்தார். நான் தயாரித்திருந்த 60 ஸ்லைடுகளில் நான்குதான் திறக்கப்பட்டன.

இந்த நிதானம் பிறவியிலேயே வந்ததல்ல. ஆரம்ப காலத்தில் இன்னொரு நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் சொன்னதைப் பெயர் போடாமல் ரிப்போர்ட்டில் எழுதினேன். பெயர் இல்லை, ஆனால் வாக்கியம் அப்படியே அவருடையது. அவர் மட்டுமே பயன்படுத்தும் ஒரு சொல் அதில் இருந்தது. இரண்டு வாரத்தில் அவரை வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்கள். எங்கள் பில் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து சேர்ந்தது. இன்றுவரை யாருடைய வாக்கியத்தையும் அப்படியே எழுதுவதில்லை. குறைந்தது மூன்று பேர் சொன்னதைத்தான் என் சொற்களில் எழுதுகிறேன்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "மிச்சமாகும் பணத்தில் இத்தனை சதவீதம்" என்ற ஒப்பந்தத்தை நான் எடுப்பதில்லை. நேர்மையானது போலத் தெரியும். ஆனால் சீக்கிரம் கண்ணில் படும் மிச்சம் ஆட்குறைப்புதான், கையும் தானாக அங்கேதான் போகும். அதோடு, எண்ணை ஊதிக் காட்டும் ஆசையும் வரும். இந்த ஆசைக்கு வயது அதிகம். 1893-இலேயே ஆலோசனைப் பொறியாளர் என்று அட்டை அடித்துக்கொண்டவர் ஃபிரெடரிக் டெய்லர். அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏற்றிய இரும்பை 12.5 டன்னிலிருந்து 47.5 டன்னாக உயர்த்தியதாக அவர் சொன்ன கதை உலகப் பிரசித்தம். அதில் நிறைய மெருகு ஏற்றப்பட்டிருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆலை 1901-இல் அவரை அனுப்பிவிட்டது என்பதைச் சொல்பவர்கள் குறைவு.

உதிரிபாக நிறுவனத்துக்கு எட்டு மாதம் கழித்து, வேறொரு வேலையாக வந்த வழியில் போனேன். வரவேற்பறையில் பெரிய திரை. ஆர்டருக்குச் சராசரி 9 நாள் என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது. எம்.டி. கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் பெருமைதான்.

அப்படியே டிஸ்பாட்ச் பக்கம் போனால், பெரியவர் இன்னமும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அதான் சிஸ்டத்துலயே வருதே?"

"வருது தம்பி. அது ஒப்புதல் ஆன நாள்லேர்ந்து எண்ணுது."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். அதில் 17 நாள்.