கடற்பாசிச் சாறு சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது

கடற்பாசியில் இயற்கையான வெயில் தடுப்புப் பொருள் இருப்பதால், நோரித் தாளை (சுஷி சுற்றும் காய்ந்த கடற்பாசித் தாள்) ஊறவைத்த தண்ணீரை முகத்தில் தடவினால் சன்ஸ்கிரீன் தேவையில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பினாங்கின் பத்து ஃபெரிங்கிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பலர் இதை நம்பிப் பகிர்ந்திருப்பதால் சொல்கிறேன்.

முதல் பாதி உண்மைதான். நோரி போன்ற சிவப்புப் பாசிகள் கடும் வெயிலில் தங்களைக் காத்துக்கொள்ள புற ஊதாக் கதிரை உறிஞ்சும் மைக்கோஸ்போரின் வகை அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்கின்றன. ஒரே இனத்திலும் ஆழத்தில் வளர்வதைவிட மேல்மட்டத்தில் வளர்வதில் இவை பொதுவாக அதிகம். அருமையான ஏற்பாடு!

ஆனால் அது பாசியின் செல்லுக்குள் நடக்கும் வேலை. இந்த அமிலங்களில் நோரியில் முக்கியமானது போர்ஃபிரா-334. அந்த எண்ணே விஷயத்தைச் சொல்லிவிடும்: அது அதிகம் உறிஞ்சுவது 334 நானோமீட்டர் அலைநீளக் கதிரை, அதாவது யூவி-ஏ எனும் புற ஊதாக் கதிரை. தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பதோ பெரும்பாலும் 315-க்குக் கீழே உள்ள யூவி-பி. அப்புறம், இது தண்ணீரில் கரையும் பொருள். வியர்வையிலும் கடல்நீரிலும் போய்விடும்.

சரிபார்க்க, போர்ஃபிரா-334 என்று தேடி அதன் உறிஞ்சல் அளவைப் பாருங்கள். பிறகு யூவி-பி எந்த எண்ணில் முடிகிறது என்று பாருங்கள். கைபேசியின் வானிலைச் செயலியில் பினாங்கின் நண்பகல் யூவி குறியீடும் (புற ஊதாக் கதிரின் கடுமையைக் காட்டும் எண்) தெரியும், 11-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். அந்த வெயிலில் பிள்ளைகளை வெறும் பாசித் தண்ணீரோடு விடாதீர்கள், தயவுசெய்து.