தோட்டாவுக்கும் மடை உண்டு

எத்தனை தடவைதான் சொல்வது? மன்னார்குடியில் அரிசி ஆலை வைத்திருக்கும் என் மச்சான் தன் பிஸ்டலில் நேற்றும் அதையே செய்தார். பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து மாட்டினார். ஒரு தோட்டாவைக் கையால் எடுத்து, குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையான சேம்பருக்குள் நேராகப் போட்டார். ஸ்லைடை விட்டார். டமார்! அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் பல் கூசுகிறது. அப்புறம்தான் தோட்டாக்களை அடுக்கி நிறைத்த மேகசினைப் பிடிக்குள் சொருகுகிறார். ஒரு தோட்டா கூடுதலாக இருக்குமாம்.

பட்டாளத்தில் என் கையில் இருந்தது இஷாப்பூரில் செய்த 9 எம்.எம். பிஸ்டல். பிரவுனிங் ஹை-பவர் என்ற பிஸ்டலின் வம்சம், மேகசினில் 13 தோட்டா. அதில் தோட்டா மேகசினிலிருந்து மேலே ஏறும்போதே அதன் அடி விளிம்பு, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வருவது மாதிரி. கையால் சேம்பருக்குள் போடுவது வரப்பை வெட்டிப் பாய்ச்சுவதற்குச் சமம். ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட தோட்டாவின் விளிம்பை அந்தச் சின்னக் கொக்கி முட்டி, விரிந்து, தாண்டித்தான் பிடிக்க வேண்டும். சில பிஸ்டல்கள் இதைத் தாங்கும். மச்சானுடைய .32 பிஸ்டலும் கொஞ்ச காலம் தாங்கியது. தினமும் காலையில் அடித்தால்?

போன மாதம் சுடுதளத்தில் தெரிந்துவிட்டது. சுட்ட தோட்டாவின் கூடு, பட்டாளத்தில் கோக்கா என்போமே அது, வெளியே வரவில்லை. பின்னால் வந்த தோட்டா அதன் மேல் முட்டி நின்றது. கொக்கியின் முனை தேய்ந்திருந்தது. "கம்பெனி சரக்கே மட்டம்" என்றார் மச்சான். எனக்கு வயிறு எரிந்தது. கெடுத்தது அவர் கை, பழி மட்டும் கம்பெனிக்கா?

சத்தம் ஆகாது என்று ஒருநாள் கத்திவிட்டேன். மறுநாள் மேகசினை முதலில் சொருகி, ஸ்லைடைப் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்லக் கொண்டுபோய் விட்டார்! அதுவும் தப்பு. மேகசினிலிருந்து தோட்டாவை உருவிக்கொண்டு போய் முழுதாக மூட, ஸ்பிரிங்கின் முழு வேகமும் வேண்டும். பாதி வழியில் கை தடுத்தால் ஸ்லைடு ஒரு நூல் மூடாமல் நிற்கும். பிஸ்டல் சுடாது.

இதைவிட மோசம் இரவு வேலை. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று தினமும் எல்லாத் தோட்டாவையும் கழற்றுகிறார், காலையில் திரும்பப் போடுகிறார். அமுங்கிக் கிடப்பதைவிட, அமுங்கி அமுங்கி விரிவதில்தான் ஸ்பிரிங் அதிகம் களைக்கும். பத்திரத்துக்காகக் கழற்றுகிறேன் என்றால் சரி, கும்பிடுகிறேன். ஆனால் மறுநாள் சேம்பருக்குப் போவது ஏன் அதே தோட்டா? மேகசினிலிருந்து ஏறும் நாட்களில் தோட்டாவின் முனையில் இருக்கும் குண்டின் மூக்கு, சேம்பர் வாயிலுள்ள சரிவில் இடிக்கிறது. இடி வாங்கி வாங்கிக் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். கையில் பிடித்திருக்கும் இரும்புக்குள் நடக்கிற காரியம் இது!

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. லைசென்ஸில் எழுதிய கணக்குக்கு மேல் தோட்டா வாங்க முடியாது, விலையும் கடுப்பு. அதனால் அதே நாலைந்தை வருஷக்கணக்கில் வைத்து உருட்டுகிறார்கள். மச்சான் மட்டுமில்லை, எனக்குத் தெரிந்த லைசென்ஸ்காரர்கள் பலர் இப்படித்தான். அந்தச் சிக்கனத்துக்காவது தோட்டாவை மாற்றி மாற்றி ஏற்றக் கூடாதா?

.32-க்கு இன்னொரு வம்பும் உண்டு. அதன் அடி விளிம்பு கொஞ்சம் வெளியே துருத்தியிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் மாட்டினால் பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் திணித்தால் இதை யார் பார்ப்பது?

நேற்று இரவு, தினம் சேம்பருக்குப் போன அந்தத் தோட்டாவையும் பெட்டியிலிருந்த புதுசு ஒன்றையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். பழசு ஒரு நகக்கனம் குட்டையாக இருந்தது. மச்சான் வெகுநேரம் பார்த்தார். அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.