லிப்ட் தரையில் ஒரு கைபேசி

அக்காவின் மகள் கொழும்பில் ஒரு பாடசாலையில் தரம் 8 படிக்கிறாள். எந்தப் பாடசாலை என்பது இங்கே வேண்டாம். போன தவணை அவர்கள் வகுப்புக்கு டெப் கணினிகள் வந்தன. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"விஞ்ஞானப் பாடநூலைத் திறந்து வாசித்தோம் மாமா. பிறகு ரீச்சர் எல்லாவற்றையும் எண்ணி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்."

அதே பாடநூல் அவளுடைய பையிலும் கிடக்கிறது. 1980 முதல் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவரும் புத்தகம்தான்! அதை வாசிக்க எதற்கு இத்தனை செலவு?

ரீச்சரில் எனக்குக் கோபமில்லை. ஒன்று கீழே விழுந்து உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் வாங்கத் தீர்மானித்தவர்கள், திரையில் எதைக் காட்டலாம் என்று யோசித்த அளவுக்கு, பிள்ளை அதை வைத்து என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

1996இல் பாம் பைலட் என்று ஒரு கைக்கணினி வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும், நிறமில்லாத சின்னத் திரை, கேமராவும் இல்லை. சில ஆண்டுகளில் இந்த வகைக் கருவிகள் அமெரிக்கப் பாடசாலைகளுக்குள் போயின. அவற்றுக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 'கூட்டீஸ்' என்றொரு விளையாட்டைச் செய்தார்கள். பிள்ளைகள் எழுந்து நடந்து, ஒருவர் கருவியை மற்றவர் கருவிக்கு நேரே நீட்டிச் செங்கீழ்க் கதிர் வழியாகச் 'சந்திக்க' வேண்டும். யாரோ ஒருவரின் கருவியில் ஒளிந்திருக்கும் கிருமி அப்படியே பரவும். அது யாரிடமிருந்து புறப்பட்டது என்று வகுப்பே துப்புத் துலக்க வேண்டும். கொரோனாவுக்கு வீட்டில் அடைபட்டிருந்த நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? அந்தச் சின்னத் திரையில் வாசிக்க அதிகம் இருக்கவில்லை. அதனாலேயே பிள்ளைகள் கதிரையை விட்டு எழுந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இன்று நம் கையில் இருப்பது அதைவிடப் பன்மடங்கு வல்லமையான கருவி. ஜெர்மனியின் ஆஹென் பல்கலைக்கழகத்தார் செய்த 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, கைபேசிக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளைக் கொண்டே ஆர்முடுகலை, அதாவது வேகம் மாறும் வீதத்தை, அளந்து வரைபு கீறிக் காட்டும்.

போன ஞாயிறு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிப்டில் என் கைபேசியைத் தரையில் வைத்துவிட்டு மேலே போனோம். புறப்படுமுன் கோடு 9.8 அருகே கிடந்தது; அது புவியீர்ப்பின் அளவு. லிப்ட் புறப்பட்டதும் ஒரு மேடு. நிற்கும்போது ஒரு பள்ளம். இடையில் மறுபடியும் அதே 9.8.

"நடுவில்தானே வேகமாகப் போனோம், ஏன் ஒன்றும் காட்டவில்லை?" என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. மூன்று தரம் ஏறி இறங்கினோம். நான்காம் தரம், "வேகம் மாறினால்தான் காட்டுகிறது, மாமா" என்று அவளே சொன்னாள். வேகத்துக்கும் ஆர்முடுகலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்தவன்.

அந்தத் தரம் இடையில் ஒரு மாடியில் லிப்ட் நின்று, மரக்கறிப் பையோடு ஓர் அன்ரி ஏறியிருந்தார். வரைபில் வழமைக்கு மாறாக ஒரு பள்ளமும் மேடும். அதில் விரலை வைத்து, "இங்கேதான் அன்ரி ஏறினவர்" என்று அவரிடமே காட்டினாள். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.